கூன் முதுகின் கோணத்தை அளந்தவர்

மதுரையை ஆண்ட நின்றசீர் நெடுமாறனுக்குக் கூன் பாண்டியன் என்றும் ஒரு பெயர் உண்டு. திருஞானசம்பந்தர் மதுரைக்கு எழுந்தருளியபோது மன்னனின் வெப்பு நோய் தணிந்ததென்றும், பின்னர் அவன் கூனும் நிமிர்ந்ததென்றும் சைவப் பெருமக்கள் போற்றிவரும் வரலாற்றைச் சிறுவயதில் கேளாத தமிழர் மிகச் சிலரே. இராமாயணத்திலோ, கைகேயியின் மனத்தைக் கலைத்த மந்தரையைக் கூனி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அரசனுக்கு நிமிர்ந்த கூன் பணிப்பெண்ணுக்கு நிமிரவில்லை. நம் ஊர்களிலும் தெருவுக்கொரு கூனனோ கூனியோ இருந்ததுண்டு. அவர்களுக்கு வேறு பெயர் இருந்ததா என்று நாம் கேட்டதில்லை. முற்பிறவி வினை என்றனர் பெரியோர். சிறுவர்களாகிய நாம் அவர்கள் பின்னே குனிந்து நடந்து காட்டிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தால் நாணமாக இருக்கிறது.

மலர்க் குழுவினர் வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று கேட்டனர். சோழர் கடற்படையைப் பற்றியும் சங்ககால வாணிகத்தைப் பற்றியும் நம்மினும் நன்றாக எழுதவல்லார் இச்சங்கத்தில் உளர். நாம் இம்முறை ஒரு மருத்துவரின் ஆராய்ச்சி வரலாற்றை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் நம் காலனியிலேயே இருக்கிறது. கட்டட வேலைக்காக ஹடப்சருக்கு வந்த ஒரு குடும்பத்தின் ஆறு வயதுப் பையனுக்கு முதுகின் நடுவே சிறு புடைப்பு ஒன்று தோன்றிற்று. முதுகெலும்பில் காசநோய் என்று மருத்துவர் கண்டறிந்தார். அரசாங்கம் இலவசமாக வழங்கும் மாத்திரைகளைத் தாயார் ஒரு நாளும் தவறாமல் கொடுத்தார். நோய் தீர்ந்தது. ஆண்டுக்கொரு முறை படம் எடுத்துக் காட்டுங்கள் என்று சொல்லியனுப்பினர். பின்னர் அக்குடும்பம் வேலை தேடி வேறூர் சென்றது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஒரு பொங்கலுக்கு அவர்கள் திரும்பி வந்தபோது பையனின் முதுகு முன்னிலும் வளைந்திருந்தது. "நோய்தான் போய்விட்டதே, இது ஏன் அண்ணா?" என்று அத்தாய் கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. அவ்விடையைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

கூன் எல்லாம் காசநோயால் வருவதன்று. முதுமையில் எலும்பு தேய்ந்தும், பிறவியிலேயே எலும்பு கோணியும் கூன் விழுவதுண்டு. ஆயினும் நம் நாட்டில் குழந்தைக்குக் கூர்மையான கூன் விழுந்தால் முதலில் ஐயுற வேண்டியது காசநோயையே. இந்நோய்க்கு நம் முன்னோர் இட்ட பெயர்களுள் எலும்புருக்கி என்பதும் ஒன்று. உடல் இளைத்து எலும்பு தெரியும் நிலையைக் கண்டே அப்பெயரிட்டிருப்பர்; ஆனால் முதுகெலும்பில் இந்நோய் செய்யும் வேலைக்கு இதனினும் பொருத்தமான சொல் இல்லை. நம் முதுகெலும்பு ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என்று 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. ஒவ்வொன்றின் முன்பகுதியும் செங்கல்போல் கனமானது. பாரத்தைத் தாங்குவது அதுவே. பின்பகுதி வளையம்போல் அமைந்து தண்டுவடத்தைக் காக்கிறது. காசநோய்க் கிருமி பெரும்பாலும் முன்பகுதியையே அரிக்கும். முன்புறச் செங்கல் கரைந்தால் மேலுள்ள அடுக்கு முன்னோக்கிச் சாயும். பின்புறம் முள்போல் புடைக்கும். அதுவே கூன். கூன் மிகுந்தால் தண்டுவடம் நெரிபட்டு இரு கால்களும் செயலிழக்கும். நோய் தீர்ந்து பல்லாண்டு கழித்துங்கூட அவ்வாறு நேர்வதுண்டு.

இந்நோய் மிகப் பழையது. எகிப்து நாட்டில் பதனிட்டு வைத்த பிணங்களுள் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கோயிற் பூசாரியின் முதுகில் இதன் தடத்தைக் கண்டிருக்கின்றனர். 1779-ஆம் ஆண்டில் இலண்டன் செயிண்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், கூனையும் கால் முடக்கத்தையும் இணைத்து நூல் எழுதினார். இன்றும் மருத்துவ நூல்களில் இதற்குப் பாட் நோய் என்றே பெயர். ஆனால் காரணம் கிருமி என்பது அவருக்குத் தெரியாது. இராபர்ட் காக் அக்கிருமியைக் கண்டறிந்து பெர்லினில் அறிவித்தது 1882-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள். அதற்குப் பின்னரும் அறுபது ஆண்டுக்காலம் மருந்தில்லை. நோயாளியைக் கட்டிலில் கிடத்திச் சாந்துக் கட்டுப் போட்டு, நல்ல காற்றும் உணவும் கொடுத்துக் காத்திருப்பதே வைத்தியமாயிருந்தது. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952-இல் ஐசோநயசிட் வந்தது. காட்சி முற்றிலும் மாறிற்று.

மருந்து வந்தவுடன் ஒரு வழக்கும் வந்தது. ஹாங்காங்கில் ஹாட்சன், ஸ்டாக் என்னும் இரு மருத்துவர்கள் மார்பின் வழியாகவோ வயிற்றின் வழியாகவோ முதுகெலும்பின் முன்புறத்தை அடைந்து, அரித்த எலும்பை முழுதும் அகற்றி, அவ்விடத்தில் நோயாளியின் எலும்புத் துண்டையே பொருத்தும் முறையை 1956-இல் வெளியிட்டனர். அஃது ஹாங்காங் அறுவை எனப் புகழ்பெற்றது. திறமை மிக்க அறுவைதான். ஆனால் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் எத்தனை ஏழைகளுக்கு அஃது எட்டும்? வெறும் மருந்தே போதுமா, கத்தியும் வேண்டுமா? பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இவ்வழக்கைத் தீர்க்கப் பல நாடுகளில் சோதனை நடத்திற்று. கொரியாவில் மாசான் நகரில் ஆறு மாதம் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவர்களையும், வீட்டிலிருந்து நடமாடிக்கொண்டே மருந்துண்டவர்களையும் ஒப்பிட்டனர். பூசான் நகரில் சாந்துச் சட்டை அணிந்தவர்களையும் அணியாதவர்களையும் ஒப்பிட்டனர். இரண்டிலும் வேறுபாடு காணப்படவில்லை! கட்டிலும் சாந்தும் நூற்றாண்டுக் கணக்கில் மனிதரைச் சும்மா கட்டிப் போட்டிருந்தன என்பது தெளிவாயிற்று.

இவ்வழக்கின் முக்கியமான ஒரு கட்டம் நம் சென்னையில் நடந்தது. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் முன்னமே உலகப் புகழ் பெற்றிருந்தது. நுரையீரல் காசநோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மறு பிரிவினரை நெரிசலான தத்தம் வீடுகளிலும் வைத்து மருந்து கொடுத்து, வீட்டு மருத்துவமும் தாழ்ந்ததன்று என்று 1959-இல் மெய்ப்பித்தது அந்நிலையமே. அந்நிலையத்தின் ஊழியர் முன்னறிவிப்பின்றி வீடு வீடாகச் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பர். வராதவரைத் தேடி அழைத்து வருவர். 1970-களில் அந்நிலையம் முதுகெலும்புக் காசநோயையும் எடுத்துக்கொண்டது. ஒரு பிரிவினருக்கு ஹாங்காங் அறுவையோடு ஆறு மாத மருந்து. மற்ற இரு பிரிவினருக்கு அறுவையின்றி, நடமாட்டத்தோடு, ஆறு மாதமும் ஒன்பது மாதமும் மருந்து. பத்தாண்டுக்குப் பின் கணக்கிட்டபோது நல்ல நிலையிலிருந்தவர்கள் முதற்பிரிவில் நூற்றுக்கு 90. இரண்டாம் பிரிவில் 94. மூன்றாம் பிரிவில் 99. இவ்வறிக்கை 1999-இல் வெளிவந்தது. மருந்தே பெரும்பாலோர்க்குப் போதும் என்பது முடிந்த முடிபாயிற்று. வடக்கே காசியில் டாக்டர் துலி அவர்களும், எல்லோரையும் அறுக்காமலும் எவரையும் அறுக்கமாட்டேன் என்னாமலும் தேவைப்பட்டவர்க்கே அறுவை என்னும் நடுவழியை 1975-இல் வெளியிட்டிருந்தார்.

நோய் தீர்ந்தது, கால் முடக்கமும் பெரும்பாலோர்க்குத் தீர்ந்தது. கூன்? அதைப்பற்றிய கணக்கு அரைகுறையாகவே நின்றது. இவ்விடத்தில்தான் நம் கட்டுரைத் தலைவர் வருகிறார்.

டாக்டர் எஸ். இராஜசேகரன் அவர்கள் கோயமுத்தூரைச் சேர்ந்தவர். அவருடைய தந்தையார் டாக்டர் ஜே. ஜி. சண்முகநாதன் மயக்க மருந்து மருத்துவர். தாயார் கனகவல்லி அம்மையார். இவ்விருவரும் 1978-இல் தொடங்கிய கங்கா மருத்துவமனையே இன்று உலகெங்குமிருந்து இளம் மருத்துவர்கள் பயில வரும் இடமாக வளர்ந்திருக்கிறது. உடன்பிறந்தவரான டாக்டர் எஸ். இராஜசபாபதி கையறுவையிலும் ஒட்டறுவையிலும் பெயர் பெற்றவர். இராஜசேகரன் எலும்பு மருத்துவம் கற்று, இங்கிலாந்திலும் பயின்று, கோவைக்கே திரும்பியவர். வெளிநாட்டுப் பட்டம் பெற்றுத் திரும்பியவர் பலர்; அவர்களையெல்லாம் மலரில் எழுத இடமில்லை. இவரை நாம் எழுதுவது, இளம் மருத்துவராயிருந்தபோதே இவர் கேட்ட ஒரு கேள்விக்காக: இன்று இந்நோயாளியின் எலும்பு இவ்வளவு அரித்திருக்கிறதென்றால், நோய் தீரும்போது இவர் முதுகு எத்தனை பாகை வளைந்திருக்கும்?

எக்ஸ்ரே படம் பார்த்து, "கொஞ்சம் வளையலாம், பார்ப்போம்" என்று சொல்வதே அக்காலத்து வழக்கம். இராஜசேகரன், சென்னையின் புகழ்பெற்ற எலும்பு மருத்துவப் பேராசிரியர் டி. கே. சண்முகசுந்தரம் அவர்களுடன் சேர்ந்து, அறுவையின்றி மருந்துண்ட நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து அளந்தார். ஒவ்வொரு முள்ளெலும்பையும் பத்துப் பங்காகக் கொண்டு, எத்தனை பங்கு அரித்துவிட்டது என்று கூட்டினார். அவ்வளவை 30.5 ஆல் பெருக்கி, 5.5 கூட்டினால் வருவதே இறுதியில் நிற்கும் கூனின் கோணம் என்று கண்டார். ஒரு முள்ளெலும்பில் பத்தில் ஆறு பங்கும் அடுத்ததில் நான்கு பங்கும் போயிருந்தால் மொத்த இழப்பு ஒன்று. கூன் 36 பாகை. இரண்டு முழு எலும்பு போயிருந்தால் 66.5 பாகை. நம் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் போடும் கணக்குத்தான் இது. இக்கணக்கு நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் சரியாயிருந்ததென்று 1987-இல் அமெரிக்காவின் 'போன் அண்ட் ஜாயின்ட் சர்ஜரி' இதழில் வெளியாயிற்று. கருவி ஒன்றும் புதிதாய் வேண்டாம். ஓர் எக்ஸ்ரே படம், ஓர் அளவுகோல், ஒரு பென்சில் போதும். மாவட்ட மருத்துவமனையில் இருக்கும் இளம் மருத்துவரும் முதல் நாளே, இவருக்கு மருந்து போதும், இவரை அறுவைக்கு அனுப்ப வேண்டும் என்று பிரித்துச் சொல்லலாம். மிகப் பெரிய கண்டுபிடிப்பு எளிய வடிவில் வருவதைக் காணும்போது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

1989-இல் இவரும் சவுந்தரபாண்டியன் என்னும் மருத்துவரும் மற்றோர் உண்மையை எழுதினர். முன்புறம் அறுத்து எலும்பொட்டு வைத்தவர்களிலும் எல்லோர்க்கும் கூன் நின்றுவிடவில்லை. வைத்த எலும்புத் துண்டு நழுவுகிறது, முறிகிறது, கரைகிறது. இடைவெளி நீண்டதாயிருந்து, ஒட்டும் நீளமாக வேண்டியிருந்தால் தோல்வி மிகுதி. அறுவை மருத்துவர் ஒருவரே அறுவையின் குறையை அளந்து எழுதியது நம் மனத்திற்குப் பட்டது. தம் தொழிலின் பெருமையைப் பாடுவோர் எத்துறையிலும் உண்டு. தொழிலின் கணக்கைச் சரிபார்ப்போர் குறைவு.

இனி நம் காலனிப் பையனின் கதைக்கு நேரே வருகிறோம். மேற்சொன்ன கணக்கு வளர்ந்தவர்க்கு நன்கு பொருந்தும். வளரும் குழந்தையின் முதுகெலும்போ நாளும் நீள்வது. நோய் தீர்ந்த பின் அக்கூன் என்னவாகும்? இக்கேள்விக்கு விடை காண ஒரே வழிதான் உண்டு: குழந்தை வளர்ந்து முடியும்வரை காத்திருந்து பார்ப்பது. சென்னைச் சோதனையில் அறுவையின்றி மருந்துண்டு குணமான குழந்தைகள் 61 பேரைப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆராய்ச்சியை இராஜசேகரன் 2001-இல் வெளியிட்டார். அதில் கண்டது எவரும் எதிர்பாராதது. நூற்றுக்கு 44 இடங்களில் கூன் தானாகவே குறைந்திருந்தது. நூற்றுக்கு 17 இடங்களில் பெரிய மாற்றமில்லை. நூற்றுக்கு 39 இடங்களில் நோய் முற்றிலும் தீர்ந்த பின்னரும், வளர்ச்சி நிற்கும் வரை கூன் ஏறிக்கொண்டே போயிற்று. இம்மூன்றாம் வகையிலும் சிலருக்கு உடனே ஏறவில்லை. மூன்று முதல் ஆறு ஆண்டு வரை சும்மா இருந்து, பெற்றோர் கவலையை மறந்த பின் ஏறத் தொடங்கிற்று. நான்காம் ஆண்டுப் பொங்கலுக்கு வந்த தாய் கேட்ட கேள்விக்கு விடை இதுவே. நோய் மீளவில்லை, மருந்தும் பொய்க்கவில்லை. முன்புறம் எலும்பு வளரும் தளம் அழிந்துபோக, பின்புறம் மட்டும் வளர்வதால் குழந்தையின் வளர்ச்சியே அவன் முதுகை வளைக்கிறது.

அவ்வாறாயின் எல்லாக் குழந்தைகளையும் அறுத்துவிடலாமா? கூடாது, தானாகக் குறையப்போகும் நாற்பத்து நால்வரை வீணாக அறுத்ததாகும். ஒருவரையும் அறுக்காமல் விடலாமா? அதுவும் கூடாது, முப்பத்தொன்பதின்மரைக் கைவிட்டதாகும். யார் எந்த வகை என்று முன்கூட்டியே அறிய வேண்டும். இதற்கு அவர் எக்ஸ்ரே படத்தில் நான்கு அறிகுறிகளைக் குறித்துக் கொடுத்தார். நமக்குத் தெரிந்த உவமையால் சொல்கிறோம், மருத்துவர்கள் பொறுத்தருள்க. இரயில் பெட்டிகளை இணைக்கும் கொக்கிபோல் முள்ளெலும்புகளின் பின்புறத்தே சிறு மூட்டுகள் உண்டு. முன்புறம் பெட்டி நொறுங்கினாலும் பின்புறக் கொக்கி பிடித்திருந்தால் தொடர் நிற்கும். அம்மூட்டு விலகியிருப்பது முதல் அறிகுறி. அரித்த எலும்பு பின்னோக்கித் தள்ளப்பட்டிருப்பது இரண்டாவது. மேலெலும்பு கீழெலும்பின் நேரிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்திருப்பது மூன்றாவது. மேலெலும்பு கவிழ்ந்து கீழெலும்பின் முன்முகத்தின்மேல் சாய்ந்து நிற்பது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். மொத்தம் இரண்டைத் தாண்டினால் அம்முதுகெலும்பு ஆபத்தில் இருக்கிறது. காலந்தாழ்த்தாமல் அறுவையால் நிலைநிறுத்த வேண்டும். முதுகெலும்புக் காசநோயைப் பற்றி இன்று எழுதப்படும் மருத்துவ நூல்கள் இந்நான்கு அறிகுறிகளை அவர் பெயரோடு எடுத்துரைக்கின்றன. ஆப்பிரிக்காவில் ஒரு குழந்தையின் படத்தை விளக்கின்முன் பிடித்து ஒரு மருத்துவர் கோடு போடுகிறாரென்றால், அக்கோட்டைப் போடக் கற்றுக்கொடுத்தது கோவை.

இவ்விடத்தில் குமாஸ்தா என்ற முறையில் நாம் ஒன்று சொல்லாமல் இருக்க இயலவில்லை. பதினைந்து ஆண்டு ஒரு நோயாளியைத் தொடர்வதென்றால் என்ன? முதலில் வந்த ஏழு வயதுச் சிறுமி இருபத்திரண்டு வயதில் மணமாகி வேறூரில் இருப்பாள். தகப்பனார் வீடு மாறியிருப்பார். எழுதிய கடிதம் திரும்பி வரும். அவளுடைய முதற் படமும் இடையில் எடுத்த படங்களும் ஒரே உறையில், ஒரே எண்ணில், கறையான் படாமல் இருக்க வேண்டும். இதையெல்லாம் செய்தவர்களின் பெயர் ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பில் வருவதில்லை. எண்ணும் தேதியும் தவறாமல் எழுதிய எழுத்தரும், வெயிலில் அலைந்து முகவரி கண்டுபிடித்த ஊழியரும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் படமெடுக்க வந்த தாய்மாரும் இல்லாவிட்டால் மேற்சொன்ன நூற்றுக்கு 39 என்னும் எண் உலகுக்குத் தெரிந்திராது. இருபது ஆண்டுக்கு மேல் பதிவேட்டோடு வாழ்ந்துவரும் நமக்கு இது பெருமையாகவே இருக்கிறது.

முதுகெலும்புக் காசநோயோடு இவர் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. நம்மில் பலர் அனுபவிக்கும் சாதாரண இடுப்பு வலியின் மூலத்தையும் தேடினார். முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் தட்டுக்கு, டிஸ்க் என்று நாம் சொல்வதற்கு, வளர்ந்தவர் உடலில் இரத்தக் குழாய் கிடையாது. அதன் உணவு மேலும் கீழும் உள்ள எலும்பின் மெல்லிய ஓட்டின் வழியாகக் கசிந்தே வரவேண்டும். இரத்தத்தில் ஒரு சாயப் பொருளைச் செலுத்தி, காந்தப் படக் கருவியால் பல மணி நேரம் விட்டு விட்டுப் படமெடுத்து, அக்கசிவை உயிருள்ள மனிதரிடத்தே கண்டு காட்டினார். ஓடு பழுதுபட்டால் உணவோட்டம் கெடுகிறது, தட்டு தேய்கிறது. இவ்வாராய்ச்சிக்கு இடுப்பு முதுகெலும்பு ஆய்வுக்கான சர்வதேசச் சங்கத்தின் பரிசு 2004-இல் கிடைத்தது. 2013-இல் மீண்டும் அதே பரிசு. இம்முறை, தட்டு பிதுங்கி அறுவைக்கு வந்த 181 பேரை ஆராய்ந்தார். தட்டின் சுற்றுச்சுவர் கிழிந்து உள்ளிருப்பது பிதுங்குகிறது என்பதே அதுவரை புத்தகப் பாடம். இவர் கண்டதோ, நூற்றுக்கு 65 பேரிடம் சுவர் எலும்போட்டில் ஊன்றிய இடத்திலிருந்தே வேரோடு பெயர்ந்திருந்தது என்பது. குழாய் நடுவில் வெடிக்கவில்லை, இணைப்பில் கழன்றது எனலாம். தட்டு நோய்க்கு மருந்து தேடுவோர் இனி தட்டை மட்டும் பார்த்தாற் போதாது என்பதே இதன் பொருள்.

வளைந்த முதுகெலும்பை நிமிர்த்தும் அறுவையில் திருகாணிகள் முடுக்குவர். அவை தண்டுவடத்திற்கு நூலிழை அருகில் செல்வன. கணிப்பொறி வழிகாட்டினால் குறி தவறுவது குறையுமா என்று இவர் குழுவினர் சீட்டுக் குலுக்குவதுபோல் நோயாளிகளைப் பிரித்துச் சோதித்தனர். வழிகாட்டியின்றி முடுக்கியவற்றில் நூற்றுக்கு 23 எலும்பின் சுவரைத் தாண்டியிருந்தன. வழிகாட்டியுடன் முடுக்கியவற்றில் 2 மட்டுமே. இது 2007-இல் வெளிவந்தது. கேட்கும்போது நம் முதுகு சிலிர்க்கிறது!

நெடுநாள் கவனிப்பாரற்று முற்றிவிட்ட கூனையும், பின்புறமிருந்தே ஆப்பு வடிவில் எலும்பை வெட்டியெடுத்து, முன்புறத்தைத் திறந்து, ஒரே அறுவையில் நிமிர்த்தும் முறையைப் பதினேழு பேரிடம் செய்து, மூன்றாண்டு தொடர்ந்து பார்த்து 2010-இல் எழுதினார். கூன் பாண்டியனுக்கு நேர்ந்தது நம் காலத்தில் ஏழைக்கும் நேரக்கூடும் என்று இதைப் படித்தபோது எண்ணினோம். ஆயினும் இஃது அபாயம் நிறைந்த நீண்ட அறுவை. தக்க காலத்தில் ஒரு படத்தைப் பார்த்து நான்கு கோடு போட்டிருந்தால் இவ்வறுவையே வேண்டியிராது. இவ்விரண்டில் எது பெரிய சாதனை என்று கேட்டால், பென்சில் கோட்டையே நாம் சொல்வோம்.

இந்திய எலும்பு மருத்துவர் சங்கத்திற்கும் முதுகெலும்பு அறுவையாளர் சங்கத்திற்கும் தலைவராயிருந்தவர், பல நாட்டு மேடைகளில் பேசியவர் என்று அவருடைய சிறப்புகளை அடுக்கலாம். அவரிடம் பயின்றோர் பல நாடுகளில் தொழில் செய்கின்றனர் என்பதையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். முன்னாளில் முதுகெலும்பு அறுவை கற்க நம்மவர் இலிவர்பூலுக்கும் ஹாங்காங்குக்கும் போயினர். இந்நாளில் அயல்நாட்டார் பெட்டி படுக்கையோடு கோவையில் வந்து இறங்குகின்றனர்.

உலகக் காசநோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இன்றும் நம் நாட்டில் உள்ளனர். அவர்களுள் மிகச் சிறுபான்மையினர்க்கே முதுகெலும்பில் நோய் வருகிறது. அச்சிறுபான்மையினரோ நெருக்கமான குடியிருப்பிலும், இடம் மாறி இடம் மாறிப் பிழைப்போரிடத்திலுமே மிகுதி. நம் காலனிக்குள் அன்றாடம் வந்து போகும் உழைப்பாளிகள் அத்தகையோரே. மாறாத இரவு முதுகு வலி, மாலைக் காய்ச்சல், உடல் இளைப்பு, குழந்தை குனிந்து பொருளெடுக்க மறுத்துக் குந்தி எடுத்தல் ஆகியவற்றைக் கண்டால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காலங்கழிக்காமல் மருத்துவரிடம் செல்வது நன்று. மருந்து அரசாங்கத்தில் இலவசம். காசநோயாளியும் துணைக்குச் செல்பவரும் சிகிச்சைக்காகப் பயணம் செய்தால் இரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. மருத்துவரின் சான்றிதழ் உரிய படிவத்தில் இருக்க வேண்டும். படிவத்தை நிரப்பத் தெரியாதவர்க்கு நாம் எழுதித் தருகிறோம்.

அப்பையனின் செய்தியைச் சொல்லி முடிக்க வேண்டும். நான்காண்டு கழித்து நகரின் ஒரு மருத்துவரிடம் அவனை அழைத்துச் சென்றோம். முதலில் எடுத்த படம் எங்கே என்று அவர் கேட்டார். வீடு மாறியபோது அது தொலைந்துவிட்டது. பழைய படமில்லாமல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்க வழியில்லை. தாயாரின் கைப்பேசியில், பையன் சட்டையின்றிக் குழாயடியில் குளிக்கும் பழைய புகைப்படம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்து ஒருவாறு ஊகித்தனர். புதிய படத்தில் அறிகுறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்த மருத்துவர், மதிப்பெண் இரண்டைத் தாண்டவில்லை, ஆனால் வளர்ச்சி நிற்கும்வரை ஆறு மாதத்திற்கொரு முறை வர வேண்டும் என்றார். அவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அதற்குப் பின் எடுத்த நான்கு படங்களும் ரேஷன் கார்டோடு ஒரே உறையில் இருக்கின்றன. அக்குடும்பம் எந்த நேரமும் வேறூர் செல்லக்கூடும் என்பதால், படங்களின் தேதியும் கோணமும் நம் சங்கப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்திலும் எழுதி வைக்கப்பட்டுள்ளன. அடுத்த படம் தை மாதத்தில்.